ஆர்.வி. ஏ.சி.யும் மின்செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான். ஜூலை மாதத்தில் ஒருமுறை அரிசோனா பக்கம் போய் வந்தபிறகு அவர்கள் கேட்பதெல்லாம் ஏ.சி.யைப் பற்றியே இருக்கும். சொந்தமாக டிரெய்லர் வாங்கியவர்களும் அப்படித்தான். அந்தக் கேள்விகளில் அடிக்கடி வருபவை இங்கே. கீழே வரும் கணக்குகள் வழக்கமான கூரை ஏ.சி.களுக்கான தோராய அளவுகள். உங்கள் ஏ.சி.யின் சரியான அளவு அதில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும்.

ஆர்.வி. ஏ.சி. எவ்வளவு மின்சாரம் இழுக்கும்?

ஏ.சி. மணிக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதை பி.டி.யு. என்ற அளவில் சொல்வார்கள். கூரை ஏ.சி.கள் பெரும்பாலும் இரண்டே அளவில் வருகின்றன: 13,500 பி.டி.யு., 15,000 பி.டி.யு. ஒரு டன் என்பது 12,000 பி.டி.யு. என்பதால், பெரியது ஒன்றேகால் டன்; சிறியது அதற்குச் சற்றுக் குறைவு. சிறியது ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட் வரையிலும், பெரியது 1,500 முதல் 1,800 வாட் வரையிலும் இழுக்கும்.

ஒரு வாட் மின்சாரத்துக்கு மணிக்கு எத்தனை பி.டி.யு. வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்பதே ஏ.சி.யின் திறன். கூரை ஏ.சி.யில் அது பொதுவாக 8 முதல் 10 வரை. வீட்டில் மாட்டும் சாதாரண ஜன்னல் ஏ.சி. 10 முதல் 12 வரை தரும். இன்வெர்ட்டர் வகை 15 வரை போகும். ஜன்னல் ஏ.சி. பெட்டியின் மேல் இருக்கும் மஞ்சள் நிற எனர்ஜி கைடு அட்டையை ஆர்.வி. ஏ.சி.யில் தேட வேண்டாம், அது கிடையாது. தகட்டைப் பார்த்து பி.டி.யு.வை வாட்டால் நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே வேலையைச் செய்யும் இயந்திரம் வண்டியின் மேல் ஏறியதும் ஏன் திறன் குறைகிறது?

முதல் காரணம் உயரம். பல மாநிலங்களில் வண்டியின் மொத்த உயரம் பதின்மூன்றரை அடியைத் தாண்டக் கூடாது. அதனால் ஏ.சி.யைக் குட்டையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் வெப்பச் சுருள்களும் சிறுத்துவிடுகின்றன. சுருள் சிறுத்தால் அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்க வேண்டும். இரண்டாவது, கூரையில் விடும் துளை. 14¼ அங்குலச் சதுரம் என்பது இந்தத் தொழிலில் ஊறிப்போன அளவு. போகும் காற்றும் திரும்பும் காற்றும் அந்த ஒரே துளைக்குள்தான் அடங்க வேண்டும். மூன்றாவது, பல மாடல்களில் ஒரே மோட்டாரின் இரு முனைகளில் இரண்டு விசிறிகள் மாட்டியிருக்கும். உள்விசிறியைக் குறைத்தால் வெளிவிசிறியும் குறையும். இரண்டுக்கும் தேவையான வேகம் வேறு என்பது மோட்டாருக்குத் தெரியாது.

இயந்திரத்தைத் தாண்டி வண்டியின் உடம்பும் இருக்கிறது. சுவரின் தடிமன் இரண்டு அங்குலத்துக்குள்தான். ஜன்னல்கள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. வீட்டில் நாலு அங்குலச் சுவரும் இரட்டைக் கண்ணாடியும் செய்யும் காவலை இங்கே ஏ.சி. ஒன்றே செய்கிறது.

வெளியே 110 டிகிரி பாரன்ஹீட் என்றால் உள்ளே 90க்குக் கீழே போகாது, 20 டிகிரிதான் எல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. ஏ.சி.க்குள் நுழையும் காற்றுக்கும் அதிலிருந்து வெளிவரும் காற்றுக்கும் இடையே 16 முதல் 22 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று பொருள். இந்த அளவைத்தான் யாரோ வெளி வெயிலோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். உள்ளே 80 டிகிரி காற்றை இழுத்து 60 டிகிரியாக விடும் ஏ.சி.க்கு வெளியே 95 டிகிரியா, 105 டிகிரியா என்பது நேரடிக் கணக்கே இல்லை. வெளி வெப்பம் ஏற ஏற அதன் திறன் குறைவது உண்மை. ஆனால் உள்ளே எவ்வளவு குளிரும் என்பது, ஏ.சி. வெளியேற்றும் வெப்பத்துக்கும் வண்டிக்குள் புகும் வெப்பத்துக்கும் நடக்கும் போட்டியைப் பொறுத்தது. நிழலில் நிற்கும் வண்டி 30 டிகிரி வித்தியாசம் காட்டும். அதே வண்டி வெயிலில் 15 டிகிரிக்கே திணறும்.

சமையலறையில் பயன்படுத்தும் சாதாரண வெப்பமானி ஒன்று போதும். கால் மணி நேரம் ஏ.சி. ஓடியபின், காற்றை உள்ளிழுக்கும் சல்லடை அருகில் ஓர் அளவு, ஏ.சி.க்கு மிக அருகில் உள்ள குளிர்காற்றுத் துவாரத்தில் ஓர் அளவு எடுங்கள். வித்தியாசம் 16க்குமேல் இருந்து வண்டி குளிரவில்லை என்றால் ஏ.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் குளிர்ச்சி எங்கே போகிறது?

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை நிதானமாகப் படியுங்கள். ஏ.சி.யை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். செலவு ஒரு சுருள் அலுமினிய ஃபாயில் டேப்.

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உள்கூரையில் இருக்கும் ஏ.சி. மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து மேலே பாருங்கள். ஒரு பக்கம் குளிர்ந்த காற்று இறங்கிக் கூரைக் குழாய்களுக்குள் போகும் வழி. அதை ஒட்டியே உள்காற்று மேலேறும் வழி. இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய தடுப்பு மட்டுமே. அந்தத் தடுப்பின் ஓரங்களில் விரலை விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அரை அங்குல இடைவெளி இருக்கும். சிலவற்றில் டேப் உரிந்து தொங்கும். அந்த வழியே குளிர்காற்று அறைக்கு வராமலே திரும்ப ஏ.சி.க்குள் போய்விடுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது போன்ற கதை. ஏற்கெனவே குளிர்ந்த காற்று தெர்மோஸ்டாட் பக்கம் சுற்றி வந்தால் ஏ.சி. சீக்கிரமே அணைந்தும் விடும். சில நேரம் சுருளில் பனி உறைந்து நின்றுவிடும்.

தடுப்பின் நான்கு ஓரங்களையும், குளிர்வழியின் சுவர்கள் கூரைக் குழாயோடு சேரும் இடங்களையும் ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே இருக்கும் காலி இடத்துக்குள் காற்று ஒழுகும் சந்துகள் இருந்தால் அவற்றையும் அடையுங்கள். பிறகு அறையில் உள்ள ஒவ்வொரு காற்றுத் துவாரத்தையும் கழற்றி, குழாயும் கூரைப் பலகையும் சந்திக்கும் விளிம்பை ஒட்டுங்கள். துணி டேப் வேண்டாம். ஒரு கோடைக்குள் பசை உருகிவிடும்.

ஒரு மதியப் பொழுது போதும். புது ஏ.சி.க்கு ஆயிரம் டாலருக்குமேல் கொடுத்துவிட்டு, அதே ஒழுகும் குழாயில் அதை மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வாடகை வண்டியில் டேப் ஒட்ட முடியாது. நான் என்ன செய்யலாம்?

வண்டியை நிறுத்தும் திசையைத் தேர்ந்தெடுக்கலாம். கோடையில் உச்சிவெயிலைவிட, மாலை நான்கு மணிக்குமேல் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும் வெயில்தான் ஆளைக் கொல்லும். அந்த நேரத்தில் வண்டியின் நீண்ட பக்கம் மேற்கைப் பார்க்கக் கூடாது. வண்டியின் முகம் கிழக்கிலும் பின்புறம் மேற்கிலும் இருக்கும்படி நிறுத்தினால், துணிப்பந்தல் இருக்கும் வலப்பக்கம் தெற்கே வரும். உச்சியில் இருக்கும் சூரியனைப் பந்தல் மறைக்கும். மேற்கு வெயில் ஜன்னல் குறைந்த பின்சுவரில் விழும். முன்பதிவு செய்த இடத்தில் திசை உங்கள் கையில் இல்லைதான். அப்படியானால் மரத்தடி இடமாகக் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டுநர் இருக்கை திறந்தபடி வீட்டுப் பகுதியோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் அந்த முன்கண்ணாடி ஒரு பெரிய அடுப்பு. கண்ணாடிக்கு வெள்ளி நிற மறைப்பு போட்டு, இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு கனமான திரையைக் கட்டி அந்தப் பகுதியை வீட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். திரை இல்லாவிட்டால் போர்வை. கூரையில் இருக்கும் 14 அங்குல விசிறித் துவாரங்கள் மூடியிருந்தாலும் பிளாஸ்டிக் மூடி வழியே வெப்பம் கொட்டும். அவற்றுக்கென்றே பஞ்சு மெத்தைகள் விற்கிறார்கள். ஒரு தலையணை திணித்தாலும் வேலை நடக்கும்.

மறைப்பை ஜன்னலுக்கு வெளியே கட்டினால் பலன் அதிகம். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும்.

அப்புறம் சமையல். நம் வீட்டுச் சமையலில் ஒரு வேளைக்கு இரண்டு அடுப்பாவது எரியும். அந்த வெப்பமும் குழம்பு கொதிக்கும் நீராவியும் ஏ.சி.யின் தலையில்தான் விழும். மதியச் சமையலை வெளியே பந்தலுக்கு அடியில் வைத்துக்கொண்டால் ஏ.சி.க்கு அது பெரிய விடுதலை.

வெயில் ஏறியபின் ஏ.சி. போடுவதா, காலையிலேயே போடுவதா?

காலையிலேயே. மெத்தை, அலமாரி, தரை எல்லாம் சூடேறிய பிறகு காற்றை மட்டும் குளிர்வித்தால் அவை மணிக்கணக்கில் வெப்பத்தைக் கக்கும். காலைக் குளிரில் ஏ.சி.யின் திறனும் சற்றுக் கூடுதல்.

முகாமில் தரும் 30 ஆம்பியர் மின் இணைப்பில் ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் மின்சாரம் போய்விடுகிறது. ஏ.சி.யில் கோளாறா?

கோளாறு இல்லை, கூட்டல் கணக்கு. 30 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏ.சி. 13 ஆம்பியர், வெந்நீர்க் கொதிகலனின் மின்கம்பி 12, மைக்ரோவேவ் 12 அல்லது 13. பேட்டரியை நிரப்பும் கருவியை விட்டுவிட்டாலும் 37க்குமேல் ஆகிவிட்டது. வெந்நீரை மின்சாரத்திலிருந்து எரிவாயுவுக்கு மாற்றினால் மற்ற இரண்டும் ஓடும்.

50 ஆம்பியர் இணைப்பு 30ஐவிட ஒன்றரை மடங்கு பெரியது என்று நினைக்க வேண்டாம். அதில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 50 ஆம்பியர். மொத்தம் 12,000 வாட். இரண்டு ஏ.சி. வைத்த வண்டிகளுக்காக வந்த ஏற்பாடு அது.

மாலையில் மட்டும் ஏ.சி. திணறி முனகுகிறது. ஏன்?

மின்னழுத்தம் இறங்கியிருக்கும். முகாமில் அறுபது வண்டிகள், மாலை ஐந்து மணி, எல்லோர் கூரையிலும் கம்ப்ரசர் ஓடுகிறது. மின்பெட்டியில் செருகிப் பார்க்கும் சிறிய மீட்டர் காலையில் 120 வோல்ட் காட்டியிருக்கும். இப்போது 108, ஏ.சி. கிளம்பும் நொடியில் 103. அதே 1,500 வாட் வேலைக்கு 120 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர் போதும். 105 வோல்ட்டில் பதினான்கே காலுக்குமேல் வேண்டும். கம்பியில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், மோட்டார்ச் சுற்றில் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் சூடு. கம்ப்ரசரின் ஆயுள் இப்படித்தான் குறைகிறது.

104 வோல்ட்டுக்குக் கீழே போனால் இணைப்பைத் தானே துண்டிக்கும் காப்புக் கருவிகள் கிடைக்கின்றன. சொந்த வண்டிக்கு அது ஆடம்பரம் இல்லை. வீட்டு வாசலில் மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் ஆர்.வி.யை இணைத்து ஏ.சி. போடுபவர்களுக்கும் இதே கேடுதான். 30 ஆம்பியருக்கு 10 கேஜ் தடிமனுள்ள கம்பி வேண்டும்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினால் மின்சாரம் மிச்சமாகுமா?

ஆகாது. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் 50, 60 ஆம்பியர் வரை ஒரு தாவு தாவும். அதை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அடக்குவதுதான் அதன் வேலை. சிறிய ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ ஏ.சி.யைக் கிளப்ப முடிவதும், விளக்குகள் மங்காமல் இருப்பதும் அதன் பயன். கிளம்பியபின் ஏ.சி. இழுப்பது பழைய அளவுதான். மின்கட்டணம் குறையும் என்று விளம்பரம் செய்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

கூரையில் சோலார் போட்டு ஏ.சி. ஓட்டலாமா?

கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 13,500 பி.டி.யு. ஏ.சி. ஏறத்தாழ 1,500 வாட் கேட்கும். ஆக ஒரு பேட்டரி ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. பழைய ஈய அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் இன்னும் மோசம்.

இரவு எட்டு மணி நேரம், கம்ப்ரசர் அதில் அறுபது சதவீத நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 7.2 யூனிட், அதாவது 7,200 வாட்-மணி. ஆறு பேட்டரிகள் வேண்டும். அதை மறுநாள் நிரப்ப, படுக்கையாகப் பதித்த சோலார் பலகைகள் சுமார் 1,500 வாட் அளவுக்குக் கூரையில் இருக்க வேண்டும். 200 வாட் பலகை எட்டு என்றால் ஏறத்தாழ 90 சதுர அடி. நீண்ட டிரெய்லரின் கூரையில் இடம் உண்டு, சிறிய வண்டியில் இல்லை. மரத்தடியில் நிறுத்தினால் ஏ.சி. மகிழும், சோலார் அழும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்றால் என் ஓட்டு மரத்துக்கு.

ஜெனரேட்டரில் ஓட்டினால் என்ன செலவாகும்?

வண்டிக்குள் பொருத்திய 4,000 வாட் ஜெனரேட்டர் ஏ.சி.யைச் சுமக்கும்போது மணிக்கு அரை கேலன் பெட்ரோலை ஒட்டிக் குடிக்கும். ஒரு கேலனில் 33.7 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அரை கேலனில் கிட்டத்தட்ட 17 யூனிட். நமக்குக் கிடைப்பது ஒன்றரை யூனிட். மீதி வெப்பமாகவும் சத்தமாகவும் போகிறது. கேலன் மூன்றரை டாலர் என்றால் மணிக்கு ஒன்றே முக்கால் டாலர்; அதே ஒன்றரை யூனிட் கம்பி வழியே வந்தால், யூனிட் 17 சென்ட் என்று வைத்தாலும் கால் டாலர். வாடகை வண்டியில் ஜெனரேட்டர் ஓடிய மணிகளுக்குத் தனிக் கட்டணமும் இருக்கக்கூடும், ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

பணம் இருந்தாலும் நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. யோசெமிட்டி பூங்காவின் முகாம்களில் மின் இணைப்பே கிடையாது. ஜெனரேட்டருக்குக் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். உச்சகட்ட வெயிலான மூன்று மணிக்கு அணைத்தாக வேண்டும். சீயோன் பூங்காவின் வாட்ச்மன் முகாமில் மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு, ஜெனரேட்டருக்கு அனுமதி இல்லை. கோடைப் பயணத்தின் வரைபடத்தைப் போடும்போது, மின் இணைப்பு உள்ள முகாம்களைச் சூடான இடங்களுக்கும், இல்லாதவற்றை உயரமான குளிர்ந்த இடங்களுக்கும் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

உயரம் கூடினால் ஜெனரேட்டரின் வலு குறையும்: ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை சதவீதம். கையில் தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர் கடல் மட்டத்தில் 1,800 வாட் தந்தால், 4,000 அடியில் இருக்கும் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1,550 வாட்தான். சிறிய ஏ.சி. நூலிழையில் ஓடும், கூடவே காபி மேக்கரைப் போட்டால் எல்லாம் நிற்கும்.

புகை ஜன்னல் வழியே உள்ளே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திச் சோதிக்காமல் ஜெனரேட்டர் ஓடும் வண்டியில் தூங்க வேண்டாம்.

விசிறியை ‘ஆட்டோ’வில் வைப்பதா, எப்போதும் ஓட விடுவதா?

புளோரிடா, ஹூஸ்டன் போன்ற ஈரக்காற்று ஊர்களில் ஆட்டோ. கம்ப்ரசர் நின்றபின் விசிறி மட்டும் ஓடினால், சுருளில் ஒட்டியிருக்கும் தண்ணீரை அதுவே மீண்டும் அறைக்குள் ஆவியாக்கிவிடும். வறண்ட நெவாடாவில் எப்படி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் போதாதா? அதற்கு மின்சாரம் குறைவுதானே.

அரிசோனா, நியூ மெக்சிகோவில் நன்றாகவே வேலை செய்யும், மழைக்காலம் தொடங்கும்வரை. தென்கிழக்கு மாநிலங்களில் அது வண்டிக்குள் இன்னொரு சென்னையை உண்டாக்கும்.

கேஸ் குறைந்திருக்கும், நிரப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.

பெரும்பாலான கூரை ஏ.சி.களில் குளிர்வாயுவைத் தொழிற்சாலையிலேயே அடைத்து முத்திரையிட்டுவிடுகிறார்கள். நிரப்புவதற்கு வால்வே இருக்காது. முதலில் உள்வடிகட்டியைக் கழுவுங்கள்; பயணத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது. பிறகு கூரையில் ஏறி வெளிச்சுருளின் தகடுகள் மடங்கியிருக்கின்றனவா, பஞ்சும் தூசியும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மடங்கியவற்றை நிமிர்த்த ஒரு சீப்பு விற்கிறது. உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சினால் நன்றாக இருக்கும் தகடுகளும் மடங்கும்.

இவ்வளவும் செய்தாயிற்று, புது ஏ.சி.தான் வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

கம்ப்ரசரின் வேகம் மாறுகிறதா என்று பாருங்கள். பழைய வகை முழு வேகத்தில் ஓடும் அல்லது நிற்கும். வேகம் மாறும் வகை அறை குளிர்ந்ததும் சில நூறு வாட்டில் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். கிளம்பும்போது தாவலும் இல்லை. பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இதுதான் வழி. விலை கூடுதல். ஆண்டுக்கு ஒரு வாரம் மின் இணைப்புள்ள முகாமுக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் விலை மின்செலவில் திரும்பி வராது. சத்தம் குறைவதற்காக வேண்டுமானால் வாங்கலாம்.

13,500ஐ எடுத்துவிட்டு 15,000 மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். சிறிய வண்டியில் வேண்டாம். சட்டென்று குளிர்ந்து அணைந்துவிடும், ஈரம் உள்ளேயே தங்கிவிடும், உடம்பு பிசுபிசுக்கும்.

துளை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்பதால் மாற்றுவது எளிது. ஆனால் தெர்மோஸ்டாட் கம்பிகளின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய தெர்மோஸ்டாட்டோடு புதியது பேசுமா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள். ஏ.சி.க்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் பழைய ரப்பர் பட்டையைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதுப் பட்டை அமுங்கி அரை அங்குலத் தடிமனுக்கு வரும்வரை நான்கு போல்ட்டுகளையும் சமமாக இறுக்கினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் கூரை வளையும், மழைநீர் உள்ளே வரும்.